வாசகர் கேள்வி–பதில்: பச்சை விளக்குப் போட்டும் பற்றீரியா ஒளிரவில்லையே!

செயற்கை உயிரியல் (கலத்தின் பரம்பரையலகுகளை மாற்றி வேண்டிய வேலையைச் செய்யவைக்கும் துறை) பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைத்தான் சுற்றின: உயிருள்ள கலத்தையும் கணினியையும் ஒளியால் இணைப்பது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

உயர்தர உயிரியல் மாணவி, உப்புவெளி

கேள்வி: கணினி அனுப்பும் ஒளியைப் பற்றீரியா "பார்த்து" வேலை செய்கிறது என்று வாசித்தேன். கண்ணில்லாத கலம் எப்படிப் பார்க்கும்?

பதில்: கண் தேவையில்லை தங்கச்சி, ஒளி பட்டால் உரு மாறுகிற புரதம் ஒன்று போதும். தாவரங்களிலும் நீலப்பச்சைப் பற்றீரியாக்களிலும் அப்படிப்பட்ட புரதங்கள் ஏராளம். 2005 இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலும் ஒஸ்ரினிலும் உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து, சினெக்கோசிஸ்ரிஸ் என்ற நீலப்பச்சைப் பற்றீரியாவின் ஒளியுணரித் துண்டை எடுத்து, ஈ.கோலை என்ற குடற்பற்றீரியா தன்னைச் சுற்றியுள்ள கரைசலின் செறிவை அறியப் பயன்படுத்தும் புரதத்தின் உட்பகுதியோடு ஒட்டினார்கள். சிவப்பொளி பட்ட இடத்தில் அதற்கடுத்த பரம்பரையலகு அணைந்தது. இருட்டாக இருந்த இடத்தில் அது இயங்கிக் கரிய நிறப்பொருளை உண்டாக்கியது. அகார் தட்டில் பரப்பிய பற்றீரியாப் படலத்தின்மேல் ஒரு படத்தை ஒளியாக விழுத்தியபோது, அந்தப் படம் அப்படியே படலத்தில் பதிந்துவிட்டது.

இதில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. புரதம் மட்டும் ஒளியைப் பிடிப்பதில்லை. அதற்குள் உட்கார்ந்திருக்கும் சிறிய நிறமூலக்கூறுதான் பிடிக்கிறது. மேற்சொன்ன உணரிக்கு வேண்டிய பிக்கோசயனோபிலின் என்ற நிறமூலக்கூறு ஈ.கோலையில் இல்லை. ஆகவே கலத்தில் ஏற்கெனவே உள்ள ஹீம் என்ற மூலக்கூறை அதுவாக மாற்றித் தரும் இரண்டு பரம்பரையலகுகளையும் கூடவே புகுத்த வேண்டும். அவை இல்லாவிட்டால் உணரி இருந்தும் கலம் குருடுதான்.

இன்று ஆய்வுகூடங்களில் அதிகம் புழங்குவது சி.சி.ஏ.எஸ்.–சி.சி.ஏ.ஆர். என்ற புரதச் சோடி. பச்சை ஒளி பட்டால் முதலாவது புரதம் இரண்டாவதற்குப் பொசுபேற்றைக் கைமாற்றும். இரண்டாவது போய் டி.என்.ஏ.யில் உட்கார்ந்து, அடுத்துள்ள பரம்பரையலகை இயக்கும். சிவப்பொளி அதை அணைக்கும். அந்தப் பரம்பரையலகு எதுவாகவும் இருக்கலாம். கணினியின் பக்கம் இது வெறும் எண்: எந்த எல்.ஈ.டி., எவ்வளவு பிரகாசம், எத்தனை நிமிடம். திரும்பி வரும் பாதையும் ஒளிதான். கலம் பச்சை ஒளிர்வுப் புரதத்தையோ ஒளியை உண்டாக்கும் நொதியான லூசிஃபெரேசையோ செய்யும், உணரி அதை அளந்து எண்ணாக்கும்.

ஆசிரியர், கிண்ணியா

கேள்வி: பரம்பரையலகை இயக்க ஐ.பி.ரி.ஜி., அரபினோசு போன்ற இரசாயனங்கள் இருக்கின்றனவே. பிறகு ஏன் இவ்வளவு பாடு?

பதில்: இரசாயனத்தை ஊற்றலாம், திருப்பி எடுக்க முடியாது. கழுவி, சுழற்றிப் பிரித்து, புது ஊடகத்தில் இடவேண்டும்; அதற்குள் கலத்தின் நிலையே மாறிவிடும். ஒளியை ஒரு நொடியில் அணைக்கலாம். பக்கத்துக் குழிக்கு வேறு அளவு கொடுக்கலாம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஒளியே மேல் என்று சொல்ல மாட்டோம். கலங்கல் கூடிய வளர்ப்பில் ஒளி மேற்பரப்பைத் தாண்டி அதிகம் இறங்காது. ஆயிரம் லீற்றர் நொதித்தல் தொட்டியில் உள்ளே இருக்கும் கலத்துக்கு எந்த நிறமும் போய்ச் சேராது. அங்கே இரசாயனம்தான் சரி.

தொழினுட்பவியல் மாணவர், உவர்மலை

கேள்வி: பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணாவின் இறுதியாண்டு ஆய்வுக்காக 24 குழித் தட்டுக்கு அடியில் வைக்கும் ஒளிப்பெட்டி செய்து கொடுத்தேன். சி.சி.ஏ.எஸ். பற்றீரியா. பச்சை எல்.ஈ.டி. நன்றாக எரிகிறது, பற்றீரியா மட்டும் ஒளிரவில்லை. பிழை என்னிடமா, அவரிடமா?

பதில்: தம்பி, முதலில் எல்.ஈ.டி.யைச் சந்தேகியுங்கள். கடையில் "பச்சை" என்று விற்பதில் இரண்டு சாதி உண்டு. பழைய வகை மஞ்சள் கலந்த பச்சை, ஏறத்தாழ 570 நனோமீற்றர். புதியது 520 முதல் 525 வரை. சி.சி.ஏ.எஸ். அதிகமாக உறிஞ்சுவது 535 நனோமீற்றரை ஒட்டிய ஒளியை. 570 போட்டால் கண்ணுக்குப் பச்சை தெரியும், பற்றீரியாவுக்கு மிகக் குறைவாகத்தான் தெரியும். நிறமாலைமானி இல்லாமலே பிரித்தறிய வழி இருக்கிறது. எல்.ஈ.டி.யைத் தடையியோடு 5 வோல்ற்றில் எரியவிட்டு, அதன் இரு கால்களுக்கும் இடையே மல்ற்றிமீற்றரை வையுங்கள். 2 வோல்ற்றை ஒட்டி வந்தால் பழைய வகை. 3 வோல்ற்றுக்கு மேல் வந்தால் உங்களுக்கு வேண்டியது.

சிவப்பிலும் இதே சிக்கல். சாதாரணச் சிவப்பு 620 முதல் 630 வரை. அணைக்க வேண்டியது 670 ஐ ஒட்டிய ஆழ்சிவப்பு. செடி வளர்க்கும் விளக்குகளுக்கென்று விற்கும் 660 நனோமீற்றர் எல்.ஈ.டி. இதற்கு நன்றாகப் பொருந்தும். கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அடுத்தது மின்னோட்டம். குழிக்கு இரண்டு நிறம் என்றால் 48 எல்.ஈ.டி. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையின் ஒரு முனையிலிருந்து 20 மில்லிஅம்பியருக்கு மேல் இழுப்பது நல்லதல்ல, சிப் முழுவதற்கும் எல்லை 200 மில்லிஅம்பியர். நேரடியாகப் பொருத்தினால் எல்லாம் எரியும், ஆனால் ஒன்றைக் கூட்டும்போது மற்றது குறையும். ரி.எல்.சி. 5940 என்ற எல்.ஈ.டி. செலுத்திச் சிப் ஒன்றுக்கு 16 வழி, வழிக்கு 4096 பிரகாசப் படிகள். மூன்று சிப் போதும். அதன் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது ஒரேயொரு தடையி: 39.06 ஐ ஓமில் உள்ள தடையால் வகுத்தால் அம்பியர் வரும். 2 கிலோஓம் போட்டால் 19.5 மில்லிஅம்பியர். ஒவ்வொரு எல்.ஈ.டி.க்கும் தனித்தனியாகத் தடையி வேண்டியதில்லை. ஒரே பையில் இருந்து எடுத்தாலும் எல்.ஈ.டி.கள் ஒரே பிரகாசம் தரா. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒளியிருவாயியை (ஒளியை அளக்கும் போட்டோடயோட்) ஒரே உயரத்தில் வைத்து அளந்து, மிக மங்கலானதற்கு மற்றவற்றைக் குறைத்துச் சமப்படுத்துங்கள். அந்தச் சிப்பில் இதற்கென்றே வழிக்கு 64 படித் திருத்தம் இருக்கிறது.

மூன்றாவது கசிவு. தெளிந்த பிளாஸ்திக்குத் தட்டு ஒளியைப் பக்கவாட்டில் கடத்திக்கொண்டு போகும். சுவர் கறுப்பாகவும் அடி தெளிவாகவும் உள்ள தட்டுத்தான் வேண்டும். மேலே அலுமினியத் தாள். பெட்டிக்கும் தட்டுக்கும் நடுவே குழிக்குக் குழி துளையிட்ட கறுப்பு இறப்பர் நுரைத் தகடு. முப்பரிமாண அச்சில் கறுப்புச் சுவர் அடித்திருந்தால் கறுப்பு என்பதற்காக நம்பிவிடாதீர்கள், மெல்லிய சுவர் சிவப்பொளியைக் கடத்தும். இருட்டறையில் ஒரு குழியை மட்டும் முழுப் பிரகாசத்தில் எரியவிட்டு, பக்கத்துக் குழிகளைக் கைபேசிக் கமராவில் நீண்ட நேரத் திறப்பில் எடுத்துப் பாருங்கள். கண் காணாத கசிவு படத்தில் வரும்.

வெப்பம்: 48 எல்.ஈ.டி. முழுமையாக எரிந்தால் 5 வோல்ற்றில் ஏறக்குறைய 1 அம்பியர், அதாவது 5 வாற். மூடிய அடைகாப்பிக்குள் இது சிறிய விடயமல்ல. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் அறையே 33, 34 பாகையில் இருக்கும்போது, 37 க்கு வைத்த அடைகாப்பிக்குத் தன்னைக் குளிரவைக்க இடமே இல்லை. பல அடைகாப்பிகள் சூடாக்க மட்டும்தான் தெரிந்தவை. ஒரு குழியில் வெறும் தண்ணீர் விட்டு, வெப்பமுனையைத் தண்ணீருக்குள் வைத்து அளங்கள். அடைகாப்பிக் கதவில் உள்ள எண் இங்கே உதவாது.

இவ்வளவும் சரியென்றால் பந்து அண்ணாவின் பக்கம். மூன்று குழி போதும் கண்டுபிடிக்க: ஒன்று முழு இருட்டு, ஒன்று முழுப் பச்சை, ஒன்று முழுச் சிவப்பு. மூன்றும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் உணரி வேலை செய்யவில்லை. பெரும்பாலும் நிறமூலக்கூறைச் செய்யும் பரம்பரையலகுகள் உள்ள பிளாஸ்மிட் (கலத்துக்குள் புகுத்திய டி.என்.ஏ. வளையம்) தொலைந்திருக்கும். பிளாஸ்மிட் தொலையாமல் காக்கப் போடும் நுண்ணுயிர்க்கொல்லி பழையதா, இரண்டு பிளாஸ்மிட்டுக்கும் உரிய இரண்டும் போட்டாரா என்று கேளுங்கள். மூன்றும் ஒரே மாதிரிப் பிரகாசமாக இருந்தால் எங்கோ அறை வெளிச்சம் நுழைகிறது.

வளர்ப்பும் முக்கியம். இரவு முழுக்க வளர்ந்து கலங்கிய கலத்தை நேரே குழியில் விட்டால் அது களைத்த கலம், புதிதாக ஒன்றும் செய்யாது. எம்9 என்ற வளர்ப்பு ஊடகத்தில், 0.4 சதவீதக் குளுக்கோசும் 0.2 சதவீதக் கசமினோ அமிலமும் சேர்த்து, ஓ.டி. (கலங்கல் அளவு) 0.0001 போன்ற மிகக் குறைந்த அளவில் தொடங்கி, குழிக்கு 500 மைக்ரோலீற்றர் விட்டு, 37 பாகையில் குலுக்கியபடி எட்டு மணித்தியாலம் வளர்க்கட்டும். முடிந்ததும் தட்டை உடனே பனிக்கட்டியில் வைக்க வேண்டும். பிறகு றிஃபாம்பிசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி ஒன்றால் புதிய உற்பத்தியை நிறுத்தி, ஒளிர்வுப் புரதம் முதிர 37 பாகையில் ஒரு மணித்தியாலம் விட்டு அளக்கலாம். பனிக்கட்டி இல்லாமல் வெளிச்சமான மேசையில் அரை மணித்தியாலம் வைத்துவிட்டு அளந்தால், நீங்கள் அளப்பது குழல் விளக்கின் விளைவை.

முதன்முதலில் இறங்குபவர்களுக்கு நாங்கள் சி.சி.ஏ.எஸ். சொல்வதில்லை. பி-டோன் என்ற நீல ஒளி அமைப்பு ஒரேயொரு பிளாஸ்மிட். அதன் நிறமூலக்கூறு ஈ.கோலையில் ஏற்கெனவே உள்ள பிளேவின். 470 நனோமீற்றர் எல்.ஈ.டி. எங்கும் கிடைக்கும். சிவப்பு விளக்கின் கீழ் தட்டைத் தயங்காமல் கையாளலாம். உணரி ஒளி கண்ட நிலையிலிருந்து இருட்டில் மீள ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் எடுக்கும் என்பதால் தொடர்ந்து எரிக்கத் தேவையில்லை. ஒரு நிமிடம் எரித்துச் சில நிமிடம் அணைத்து வைத்தால் போதும். நீல ஒளி கலத்தைத் தாக்கும், ஆகவே குறைவாகக் கொடுப்பது இரட்டை இலாபம்.

ஒன்று மட்டும்: பெட்டியை வீட்டில் செய்யலாம், பரம்பரையலகு மாற்றிய பற்றீரியாவை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அது அனுமதி பெற்ற ஆய்வுகூடத்துக்குள் மட்டும்.

பல்கலைக்கழக மாணவி, நிலாவெளி

கேள்வி: ஒளிர்வை அளந்து, வேண்டிய அளவில் நிற்கும்படி கணினியே பச்சை, சிவப்பு ஒளியை மாற்றும் நிரல் எழுதினேன். அளவு ஒரே இடத்தில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது.

பதில்: இதை முதலில் செய்து காட்டியவர்கள் சூரிச்சில் உள்ள ஈ.ரி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள்: 2011 இல் ஈஸ்ற்றில், 2016 இல் ஈ.கோலையில். பின்னதில் பரம்பரையலகின் அளவை மட்டுமல்ல, மெதியோனின் என்ற அமினோ அமிலத்தைச் செய்யும் நொதியை ஒளியால் கட்டுப்படுத்திக் கலத்தின் வளர்ச்சி வேகத்தையே பிடித்து நிறுத்தினார்கள். உங்கள் அளவு ஏறி இறங்குவதற்குக் காரணம் தாமதம்தான்.

ஒளி போட்டதும் பரம்பரையலகின் பிரதியான எம்.ஆர்.என்.ஏ. வரவேண்டும், புரதம் வரவேண்டும், புரதம் மடிந்து முதிர்ந்து ஒளிர வேண்டும். எல்லாம் சேர்ந்து பத்துக் கணக்கான நிமிடங்கள். அதற்குள் உங்கள் நிரல் "இன்னும் ஏறவில்லையே" என்று மேலும் மேலும் பச்சையைக் கூட்டுகிறது. பாரமேற்றிய பெரிய வள்ளத்தில் சுக்கானைத் திருப்பியதும் தலை திரும்பவில்லையென்று மேலும் திருப்புகிறவர் நேராகப் போக மாட்டார்.

இன்னொரு கோணலும் இருக்கிறது, அதுதான் பெரும்பாலும் கண்ணில் படாதது. ஏறுவது உற்பத்தியால், இறங்குவது அப்படியல்ல. பச்சை ஒளிர்வுப் புரதம் இலகுவில் சிதையாது. கலம் இரண்டாகப் பிரியும்போது பங்கு போவதால் மட்டும் குறையும். 100 இலிருந்து 25 க்கு இறங்க வேண்டுமென்றால் இரண்டு முறை இரட்டித்தே ஆகவேண்டும். எவ்வளவு சிவப்பொளி போட்டாலும் அதற்கு முன் இறங்காது. அந்த நேரம் முழுக்க உங்கள் நிரலின் கூட்டுத்தொகை உறுப்பு (இலக்கிலிருந்து விலகிய அளவைக் காலத்தோடு கூட்டிக்கொண்டே போகும் பகுதி) பிழையைச் சேர்த்துச் சேர்த்து வீங்கிவிடும். பிறகு இலக்கைத் தாண்டிப் பாயும். ஆகவே வெளியீடு 0 இலோ 4095 இலோ முட்டி நிற்கும்போது கூட்டுவதை நிறுத்தும் ஒரு வரியை நிரலில் சேருங்கள். பாதித் தொல்லை அதோடு போய்விடும்.

பெருக்கத்தைத் தெரிவுசெய்ய: கூட்டுத்தொகை உறுப்பைப் பூச்சியமாக்கி, விகித உறுப்பை (அந்தந்த நேரத்துப் பிழையைப் பெருக்கும் பகுதி) மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அளவு தணியாமல் சீராக அலையும் புள்ளி வரும். அந்தப் பெருக்கத்தில் 0.45 பங்கை எடுங்கள், அலைவு நேரத்தை 1.2 ஆல் வகுத்துக் கூட்டு நேரமாக வையுங்கள். சீக்ளர்–நிக்கல்ஸ் என்று பொறியியலில் படிப்பிக்கும் பழைய விதி அது. உயிர்க்கலத்துக்கு அதிலும் பாதியில் தொடங்குவதே புத்தி.

இரட்டிக்கும் நேரம் மாறினால் எல்லாம் மாறும். ஆகவே கலங்கலை நிலையாக வைத்திருங்கள். 20 மில்லிலீற்றர் கலனுக்கு மணித்தியாலத்துக்கு 10 மில்லிலீற்றர் புதிய ஊடகம் விட்டு, அதேயளவு வெளியேற்றினால் ஐதாக்க வீதம் மணித்தியாலத்துக்கு 0.5, நிலைத்த நிலையில் கலம் இரட்டிக்கும் நேரம் 83 நிமிடம். கலத்தின் உச்ச வளர்ச்சி வீதத்தைத் தாண்டிப் பம்பியை ஓட்டினால் பற்றீரியா கழுவுப்பட்டுப் போய்விடும்.

கடைசியாக, கலனுக்குள் நேரே ஒளிர்வை அளக்கிறீர்களா? பச்சை ஒளிர்வுப் புரதத்தைத் தூண்டும் 488 நனோமீற்றர் ஒளியும், அது விடும் 510 ஐ ஒட்டிய ஒளியும் கலத்துக்குள் உள்ள சி.சி.ஏ.எஸ். உணரிக்கும் எட்டும். அளப்பதே கட்டளையாகிவிடும். மாதிரியைக் குழாயால் வெளியே எடுத்து அளந்து எறிந்துவிடுங்கள், அல்லது 587 இல் தூண்டி 610 இல் அளக்கும் எம்-செரி என்ற சிவப்பு ஒளிர்வுப் புரதத்துக்கு மாறுங்கள்.

இல்லத்தரசி, திருகோணமலை நகர்

கேள்வி: கரண்ட் போன இரவில், குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த காரல் மீன் சட்டியில் நீலமாக மங்கல் வெளிச்சம் தெரிந்தது. சமைத்துச் சாப்பிட்டால் ஆபத்தா? இதைக் கணினியோடு சேர்க்கலாமா என்று மகன் கேட்கிறான்.

பதில்: பேய் இல்லை, கடற்பற்றீரியா. காரலின் தொண்டைக் குழாயைச் சுற்றி ஓர் ஒளியுறுப்பு இருக்கிறது. அதற்குள் ஃபோட்டோபற்றீரியம் என்ற ஒளிவிடும் பற்றீரியாவை மீன் தானே வைத்து வளர்க்கிறது. அந்த ஒளி நஞ்சல்ல. ஆனால் சட்டியில் தெரியுமளவுக்குப் பற்றீரியா பெருகியிருக்கிறது என்று அர்த்தம். மணமோ நிறமோ மாறியிருந்தால் எறிந்துவிடுங்கள்.

மகனுக்கு இது அருமையான வேலை, பரம்பரையலகு எதையும் மாற்றத் தேவையில்லை. பாடசாலை ஆய்வுகூடத்தில், ஆசிரியரோடு, கையுறையோடு செய்யட்டும். கடற்பற்றீரியாக்களில் காயத்தில் தொற்றுபவையும் உண்டு. ஊடகம் ஒரு லீற்றருக்கு: கடல்நீர் 750 மில்லிலீற்றர், சாதாரண நீர் 250, பெப்ரோன் 5 கிராம், ஈஸ்ற் சாறு 3 கிராம், கிளிசரோல் 3 மில்லிலீற்றர், அகார் 15 கிராம். 121 பாகையில் 15 நிமிடம் கிருமியழித்துத் தட்டுகளில் ஊற்ற வேண்டும். கரையிறங்கிய உடன் வாங்கிய முழுக் காரலைக் கொதித்தாறிய உப்புநீரில் கழுவி, ஒளியுறுப்பைத் திறந்து, கிருமியழித்த ஊசியால் தொட்டுத் தட்டில் கீற வேண்டும். பைப் தண்ணீரில் கழுவினால் காரியம் கெட்டது. உப்பு இல்லாமல் இவை வெடித்துச் சாகும், குளோரீன் வேறு. 25 முதல் 28 பாகையில் ஒரு நாள். வெளியில் 33 பாகையில் வைத்தால் ஒளிவிடாத அழுகற் பற்றீரியா முந்திக்கொள்ளும். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் காத்திருந்து பார்த்து, ஒளிவிடும் புள்ளியை மட்டும் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும்.

அகார் சேர்க்காத அதே ஊடகத்தில் வளர்த்தால் முதல் சில மணித்தியாலம் ஒளி இருக்காது, கூட்டம் சேர்ந்த பிறகே வரும். அப்போதும் மங்கலாக இருந்தால் குலுக்கட்டும். ஒளிவிட ஒட்சிசன் வேண்டும், குலுக்கிய கையோடு பளிச்சென்று எழும்.

அளக்க ரி.எஸ்.எல். 2591 ஒளி உணரி, உச்சப் பெருக்கம், 600 மில்லிசெக்கன் சேர்ப்பு நேரம். இது 188 மைக்ரோலக்ஸ் வரை இறங்கும். மலிவாகக் கிடைக்கும் பி.எச். 1750 ஒரு லக்ஸுக்குக் கீழ் பெரிதாகப் பிரித்தறியாது, இதற்கு வீண். ஒளி 490 நனோமீற்றரை ஒட்டியது என்பதால் லக்ஸ் கணக்கை நம்பாமல் உணரியின் முதல் அளவீட்டு வழி தரும் நேரடி எண்ணையே எழுதிக்கொள்ளட்டும். வெற்றுக் குழாயோடு பத்து அளவீடு எடுத்துச் சராசரியைக் கழிக்க வேண்டும். ஆர்டுயினோவைப் பெட்டிக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பலகையில் எப்போதும் எரியும் சின்ன விளக்கு பற்றீரியாவை விடப் பல மடங்கு பிரகாசம். "வெற்றுக் குழாயும் ஒளிர்கிறது" என்ற புதிர் அதனால்தான் வரும்.

எண் சீராக வந்ததும் சிறிதளவு செப்புச் சல்பேற்றுக் கரைசல் விட்டுப் பார்க்கட்டும். கலத்தின் சுவாசம் கெடக்கெட ஒளி குறைவது திரையில் கோடாகத் தெரியும். நீரின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் சர்வதேச நியமமுறை ஒன்றே இந்த இனத்துக்கு நெருங்கிய ஒளிவிடும் பற்றீரியாவை வைத்து இயங்குகிறது. நஞ்சு இருக்கிறதென்று சொல்லும், எந்த நஞ்சென்று சொல்லாது. முடிந்ததும் எல்லாத் தட்டையும் அழுத்தச் சமையற்கலத்தில் அவித்த பிறகே எறிய வேண்டும்.

வாசகர், மூதூர்

கேள்வி: ஒளியால் கலத்தை இயக்கும் இந்த முறை வைத்தியத்துக்கு வந்துவிட்டதா? இன்சுலினை விட்டுவிடலாமா?

பதில்: பரவலாக இல்லை. 2017 இல் சீன ஆய்வாளர்கள் நீரிழிவு எலிகளுக்குள் ஒளியுணர் கலங்களைப் பொதித்து, கைபேசியால் எல்.ஈ.டி.யை இயக்கிக் குருதிக் குளுக்கோசைக் குறைத்தார்கள். 2018 இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகக் குழு, குருதிக் கசிவைக் கண்டால் ஒளிவிடும் பற்றீரியாவையும் அந்த ஒளியைப் படித்து வானொலி அலையில் அனுப்பும் சிப்பையும் ஒரு விழுங்கும் கருவிக்குள் வைத்துப் பன்றிகளில் சோதித்தது. மனிதரில் கண்தான் முன்னே நிற்கிறது: விழித்திரைக் கலங்களுக்கு அல்காவின் ஒளியுணர் புரத வகையொன்றைக் கொடுத்து, கமரா பொருத்திய கண்ணாடி அணிவித்ததில், பார்வையிழந்த ஒருவர் மேசையில் உள்ள பொருட்களைத் தொட்டு எண்ணியது 2021 இல் வெளியானது. இன்சுலினை விட்டுவிடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கூடவே கூடாது.

மாணவர், தம்பலகாமம்

கேள்வி: எட்டு மணித்தியால ஒளித்திட்டம் ஓடும்போது மின் போய்வந்தால் ஆர்டுயினோ முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: எத்தனையாவது நிமிடம் என்பதை நிரல் தன் நினைவில் மட்டும் வைத்திருப்பதால்தான். டி.எஸ். 3231 நேரச்சிப் ஒன்றை நாணய மின்கலத்தோடு பொருத்தி, பரிசோதனை தொடங்கிய நேரத்தை ஈப்ரொம்மில் (மின் போனாலும் அழியாத நினைவகம்) ஒருமுறை எழுதுங்கள். மின் வந்ததும் இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்து, உரிய படிக்கே போகும்படி நிரலை மாற்றுங்கள். ஒவ்வொரு நொடியும் ஈப்ரொம்மில் எழுதாதீர்கள். ஓர் இடத்துக்கு உத்தரவாதம் ஒரு இலட்சம் எழுத்துத்தான், நொடிக்கு ஒன்றென்றால் 28 மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். மின் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் கோப்பில் பதிய விடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போயிருந்தால் அடைகாப்பியும் ஆறியிருக்கும், அந்தத் தட்டின் முடிவுகளை மற்றவற்றோடு சேர்க்க வேண்டாம்.